ஆமைக் கதைக்கு நான் சொன்ன நீதி

என் ஆசை மாப்ளே அருளு,

அங்கேயும் யாரையாவது பிடித்து உட்காரவைத்துக் கதை விட்டுக்கொண்டிருப்பாய். நான் இங்கே உன் வீட்டுப் பக்கம் போக வெட்கப்பட்டு ஒளிந்து திரிகிறேன். என் கூடப் படித்தவன் என்று நம்பி உனக்குக் கட்டிக்கொடுத்த என் தங்கை ரீட்டா போன் செய்தால்கூட எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் உன் புத்தூர் வீட்டில்தான் சாப்பிட்டோம். உன் மகள் ஜெனி மட்டும் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். நீ போனதிலிருந்து பிள்ளை சிரிக்கவே இல்லை. "அண்ணே, அவர் சொல்ற கதை ஏதாவது சொல்லேன்" என்று ரீட்டா கெஞ்சினாள்.

உன் ஆமை முயல் கதையை எடுத்துவிட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூருக்குப் பந்தயம். முயல் அவசர அவசரமாக முன்னால் ஓடி, காவேரிப் பாலத்தில் செல்ஃபி போட்டுவிட்டு, லைக் வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே தூங்கிவிடுகிறது. ஆமை டவுன் பஸ் ஏறுகிறது. "முதுகுல வீட்டையே தூக்கிட்டு வர்றீங்க, லக்கேஜ் டிக்கெட் யாருங்க எடுப்பா?" என்கிறார் கண்டக்டர். ஜெனி களுக்கென்று சிரித்துவிட்டாள், மாப்ளே!

ஆமை ஜெயித்ததோடு நான் வாயை மூடியிருக்கலாம். நீ அப்படித்தானே முடிப்பாய்? கேட்டால், "நீதி சொன்னா அது பாடமாயிடும் மச்சான்" என்பாய். பாழாய்ப்போன வாத்தியார் புத்தி, சும்மா இருக்குமா? "இக்கதையால் அறியும் நீதி, அவசரப்படுகிறவன் போய்ச் சேர மாட்டான்" என்று விரலை ஆட்டிச் சொல்லித் தொலைத்தேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்பாவும் அவசரப்பட்டாரா மாமா? நான்தான் போன் பண்ணி சீக்கிரம் வாங்கப்பான்னேன்."

மழையில் உன் பைக் சறுக்கிய அன்று சாயங்காலம் அவள் உன்னைக் கூப்பிட்டது எங்கள் யாருக்கும் தெரியாது. இத்தனை நாளும் அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஸ்கூல்ல வேலை இருக்கு, போயிட்டு வரேன்" என்று ஞாயிற்றுக்கிழமையில் புளுகிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். நானெல்லாம் ஒரு தாய்மாமன்! நினைத்தாலே கூசுகிறது.

நீ இருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாய்?

நாளைக்குப் போகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா சொன்னது தப்பும்மா. மழைல ரோடு வழுக்கிடுச்சு. நீ கூப்பிட்டதால ஒண்ணும் ஆகல" என்று சொல்வேன். நம்பாமல் மறுபடி கேட்டால் மறுபடி சொல்வேன். அவள் அழுதாலும் எழுந்து ஓட மாட்டேன், சத்தியம்.

இனியாவது உன் மகளுக்குத் தாய்மாமனாக இருக்கப்போகும்,
உன் மச்சான் சகாயம்