மூன்று பத்தித் தலைப்பு

ஜூலை 3
இனி நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன், எனக்கே பாதகமானாலும். முதல் உண்மை: இன்றும் நூலகம் மூடும்வரை உட்கார்ந்திருந்தேன். நூலக அக்கா வழக்கம்போல விளக்கை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டார். "கிளம்பு பூச்சி. புத்தகம் எங்கேயும் ஓடிடாது." அவருக்கு நான் புத்தகப் பூச்சி.

ஜூலை 8
நூலக அக்காவை அவருடைய அண்ணன் கத்தியால் குத்திவிட்டான். பிடித்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அக்கா சொன்னாராம். அதற்காக. மருத்துவமனையில் இருக்கிறார்.

ஜூலை 9
அப்பாவின் பத்திரிகையில் வந்திருக்கிறது. தலைப்பு வைப்பது அப்பாதான். 'காதலால் வந்த வினை: மானம் காக்கத் துடித்த அண்ணன்'. கீழே, அவன் உழைப்பாளி, அதிர்ந்துகூடப் பேசமாட்டான் என்று பக்கத்து வீட்டார் சொன்னவை. அக்கா 'இளம்பெண்'. அவ்வளவுதான்.
"யாரு யாரைக் குத்துனாங்கன்னே தலைப்புல இல்லையேப்பா?"
"தலைப்பு மூணு பத்தி அகலத்துக்குள்ள அடங்கணும்மா."
"மானம் மட்டும் எப்படி அடங்குச்சு?"
அப்பா பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

ஜூலை 11
அம்மாவோடு மருத்துவமனைக்குப் போனேன். அக்காவின் குரல் காற்றாக வந்தது. "உங்கப்பா பேப்பர்ல என்னமோ போட்டிருக்காங்களாமே. படி பூச்சி." வேண்டாமென்று அம்மா கண்ணைக் காட்டினாள். பொய் சொல்லக்கூடாதே! முழுவதையும் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.
"அவன் நல்லவன்னு சொல்ல நாலு பேர். என்னைப் பத்திச் சொல்ல ஒருத்தருமா கிடைக்கல?"
நான் இருந்தேனே. யாரும் கேட்கவில்லையே.
ஐயோ, ஏன் படிச்சேன்? அச்சில் இருந்ததைப் பிசகாமல் படித்தேன் — அது உண்மையா? அதுல உண்மையே இல்லையே!
அப்பாவிடம் சொன்னேன். "நாளைக்கு வேற மாதிரி போடறேன்" என்றார்.

ஜூலை 12
போடவில்லை. அந்த இடத்துக்கு விளம்பரம் வந்துவிட்டதாம்.

ஜூலை 14
அக்கா போய்விட்டார்.
சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவங்களைப் பத்திச் சொல்லும்மா." சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். குறித்துக்கொண்டார்.

ஜூலை 15
'நூலகரைக் கொன்ற அண்ணன்'. மூன்று பத்திக்குள் அடங்கியிருக்கிறது. இடம்கூட மிச்சம். உள்ளே ஒரு வாசகி சொல்கிறாள்: "முழுசா படிச்சியான்னு கேக்க மாட்டாங்க. பிடிச்சுதான்னுதான் கேப்பாங்க."
அப்பா கேட்டார், "படிச்சியா?"
"படிக்க வேண்டியவங்க இல்லையேப்பா."
சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் முதுகைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.
நூலகத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். புதிதாக வந்தவர் சாவியை எடுத்துவிட்டார். ஒருமுறை அணைத்து மறுபடி போடுவார், அப்போது எழுந்துகொள்ளலாம் என்று இருந்தேன்.
விளக்குகளை அணைத்துவிட்டார்.