ஏழாம் நம்பர் பாட்டில்

சிந்தாமணி, திருச்சி
14-8-1987

பெருமதிப்புக்குரிய அமலராணி மேடத்துக்கு, உங்கள் வார்டுப் பெண் பொன்னுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது.

நலமா மேடம்? சென்னையில் குடிக்கிற தண்ணீர் எப்படி இருக்கிறது? எங்கே போனாலும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பீர்களே, இப்போது நானும் அப்படித்தான் பார்க்கிறேன். டீக்கடையில் சிரிக்கிறார்கள். தண்ணீர் ஆராய்ச்சி செய்தவர் கவுன்சிலர் ஆனார் என்று பேப்பரில் வந்த உங்கள் போட்டோவை நோட்டில் ஒட்டிவிட்டேன். இதோடு பன்னிரண்டு.

நீங்கள் சொல்லி, கரைத்தெருக் குழாயை மூடி எட்டு நாள் ஆகிறது. பெண்கள் ஆற்று மணலில் ஊற்று தோண்டி இறைக்கிறார்கள். குழாய்க்கு எதிர்வீட்டு ரெங்கம்மாள் அக்கா அதைத்தான் குடித்தார். வாந்தி பேதியாகி நான்கு நாளாகப் பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது. நேற்று போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் உட்கார முடியவில்லை.

மேடம், இனி சுற்றி வளைக்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்று அந்தக் குழாயில் சோதனைக்கு ஏழாம் நம்பர் பாட்டிலில் நான்தான் தண்ணீர் பிடித்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் இந்த வருஷம் குழாயையே காவேரியாக வைத்துக் கும்பிட்டார்கள். ஊற்றுத் தண்ணீரால் கழுவி, மஞ்சள் பூசி, கயிறு கட்டி, பூ வைத்திருந்தார்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி, குழாய் வாயில் வெளியே ஒட்டியிருக்கும் கிருமி சாக அதைச் சுடுவதற்கு ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். ரெங்கம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியே, நாளும் கெழமையுமா அவ வாயில நெருப்ப வைப்பியா? உனக்கு மனசு வருதா?"

எனக்கு வரவில்லை. சுடாமலே பிடித்துவிட்டேன். அந்த மஞ்சளும் ஊற்றுத் தண்ணீரும்தான் ஏழாம் நம்பர் பாட்டிலுக்குள் போயிருக்கின்றன. குழாய் வாயைச் சுட்டாயா என்று அன்று சாயங்காலம் நீங்கள் கேட்டபோது தலையாட்டினேன். பத்தாவது பெயிலான என்னை நம்பி பாட்டிலைக் கொடுத்தீர்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த தடவை கொடுக்க மாட்டீர்களோ என்று பயந்தேன். டியூபில் குமிழி வந்ததும் கிருமி இருக்கிறது என்றீர்கள். நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் துள்ளினேன். அதை நினைத்தால்தான் அதிகம் கூசுகிறது.

திங்கட்கிழமை ஃபிட்டர் காத்தான் அண்ணனிடம் கெஞ்சி, கால் மணி நேரம் குழாயைத் திறக்கச் சொன்னேன். இந்தத் தடவை நன்றாகச் சுட்டுத்தான் பிடித்தேன். அக்கா கட்டிய மஞ்சள் கயிறும் கருகிப்போயிற்று. சத்தம் கேட்டுக் குடத்தோடு பத்துப் பேர் ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னாலேயே அண்ணன் மறுபடி மூடினார்.

"தண்ணி நல்லாத்தான இருக்கு, ஏம்ப்பா மூடுற?" என்று வேலம்மாள் கேட்டார்.

"என்னைய ஏன் கேக்குறீங்க? மேடம் சொல்லி மூடுனது. மேடம் சொன்னாத்தான் தொறப்பேன்."

நான் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் காலேஜ் லேபில் அற்புதசாமி அண்ணன் சோதித்தார். இரண்டு நாள் கழித்தும் ஒரு குமிழிகூட இல்லை. அவர் கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் நடந்ததை எழுதி என் பெயரையும் போட்டிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை அங்கே சென்னையில் நடக்கும் கூட்டத்தில் ஏழாம் நம்பரைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து பேசாதீர்கள். பொய் சொன்னது நான். தலைகுனிவு உங்களுக்கு வரக்கூடாது.

விளக்கையும் மீதி பாட்டில்களையும் கழுவித் துடைத்து உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டேன். என்னை இனி சேர்க்க வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான்.

ஆனால் மேடம், குழாயைத் திறக்கச் சொல்லி முதலில் ஒரு தந்தி அடித்துவிடுங்கள். என்னைத் திட்டுவதற்குத் தபால் போதும். நான் காத்திருப்பேன்.

உங்கள்
பொன்னுத்தாய்