மெதுவில் மட்டும் நிற்கும் விசிறி

மேனாம்பேடு,
செவ்வாய்க்கிழமை.

தங்கச்சிக்கு,

இன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: வேப்பிலைப் படுக்கையில் நம் மாமியார், அவர் தலைமாட்டில் நான், நிலைப்படியில் சாய்ந்தபடி என் வீட்டுக்காரர். வேறு யாருமில்லை. அம்மை கண்ட வீட்டுக்குள் வேற்றாள் வரக்கூடாதே. உத்தரத்து மின்விசிறியை நடு வேகத்திலிருந்து மெதுவுக்குத் திருப்பினேன். இறக்கைகள் தளர்ந்து, தளர்ந்து, நின்றுவிட்டன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவர்ப் பெட்டியிலிருந்து சூடான தூசியின் வாடை வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அந்தத் தூசியும் கலந்த வாடை. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய்.

அன்று இதே இடத்தில் நீ படுத்திருந்தாய். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். உன் வீட்டுக்காரர் ஆவடி ராணுவ முகாமில் வயர்மேன். வேலைக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது இந்த விசிறியை எடுத்துவந்து மாட்டியவர் அவர்தான். உனக்கு உடம்பெல்லாம் அம்மை முத்து. கண்ணிமைக்குள்ளும் இருந்தது. நாள் கணக்கில் தூக்கமில்லாமல் பிதற்ற ஆரம்பித்திருந்தாய். ஜுரம் தலைக்கு ஏறுமுன் தூங்கிவிட வேண்டும் என்று வேப்பிலை கொடுக்கவந்த பூசாரி வாசலில் நின்றே சொல்லிப் போனார். வேப்பங்கொத்தால் வீசி வீசி என் தோள் விட்டுப்போயிற்று. விசிறியை வேகமாக வைத்தால் முத்து எரிகிறது என்றாய், நடுவில் வைத்தாலும் எரிகிறது என்றாய். மெதுவில் வைத்தால் நின்றுபோனது.

"ஆத்தாளுக்கு இந்த மெசின் காத்து ஆவல. வேப்பிலை கீது, அது போதும்" என்றார் அத்தை.

நீ கண்ணைத் திறக்காமலே பேசினாய். "ஆவலன்னா மூணுலயும் நிக்கணும் இல்ல அத்தே? வேகத்துல சுத்துது, நடுவுல சுத்துது, மெதுவுல மட்டும் இன்னா கோவம் அவளுக்கு?"

"ஒடம்பு பூரா முத்து, வாய்ல மட்டும் ஒண்ணு காணோம் பாரு" என்றார் அத்தை.

நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். பிறகு வேறொரு குரலில், கனமாக, "நான் கேக்கல. ஆத்தா கேக்கறா. அந்தப் பொட்டியத் தொறக்கச் சொல்றா" என்றாய்.

அம்மை கண்டவள் வாயிலிருந்து வருவது அம்மன் வாக்கு. இளநீர் கேட்டாலும் கொடுக்க வேண்டும், பெட்டியைத் திறக்கச் சொன்னாலும் திறக்க வேண்டும். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்பிடியே ஆவட்டும் தாயே" என்று விலகினார்.

மெயினை அணைக்கச் சொன்னாய். "வேகத்துல ஓடுதுன்னா விசிறி மேல குத்தமில்லக்கா, கரண்ட்டும் வருது. மெதுவுக்கு மட்டும்னு ஒரு கம்பி இருக்கும். அத்தப் பாரு" என்றாய். மூடியைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கான் மேல் கம்பிச் சுருள் சுற்றியிருந்தது. அதன் கடைசி நுனி திருகாணிக்கு அருகே கருகி அறுந்திருந்தது. ஒரு சுற்றை இழுத்து நீட்டி, நுனியைக் கத்தியால் சுரண்டி, திருகாணிக்கு அடியில் வைத்து முடுக்கினேன். மெயினைப் போட்டு மெதுவுக்குத் திருப்பியதும் இறக்கைகள் சுழன்றன. முத்து எரியாத, தூக்கம் வரக்கூடிய காற்று. அன்று மாலை வரை நீ தூங்கினாய். அத்தை உன் காலடியில் கற்பூரம் ஏற்றினார்.

அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு கிணற்றடியில் உன்னைக் கேட்டேன், அன்றைக்குப் பேசினது யாரென்று. "தூக்கம் வந்துச்சா இல்லியா? அத்தோட வுடுக்கா" என்று சிரித்தாய். திரும்பக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. அடுத்த ஐப்பசியில் பிரசவத்தில் போய்விட்டாய். குழந்தையும் உன்னோடு போயிற்று. கொழுந்தன் வடக்கே ஏதோ முகாமுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

இப்போது அத்தை முறை. இந்த வயதில் இத்தனை முத்தை நான் பார்த்ததில்லை. நேற்றும் தூங்கவில்லை, முந்தாநாளும் தூங்கவில்லை. இன்று காலை இல்லாத யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி அறுந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியும், முடுக்கவும் தெரியும். நாற்காலியைப் போட்டு ஏறினேன்.

"எறங்குடி. ஆத்தா வேணாங்கறா" என்றார் அத்தை.

"விசிறி மெதுவா சுத்தினா கொஞ்சம் கண்ணசருவீங்க அத்தே."

"அவ வேணாங்கறா. நான் இன்னா பண்ணட்டும்?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "அம்மா சொன்னா இப்ப ஆத்தா சொன்னதுதான். நாற்காலிய எடு" என்றார். எடுத்துவிட்டேன். இப்போது வேப்பங்கொத்தை இடது கையால் வீசிக்கொண்டே வலது கையால் இதை எழுதுகிறேன். அத்தை கண்ணை விழித்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள் நான். அன்று உன் வாயில் பேசியது அவள்தான் என்றால், இன்று அத்தை வாயில் பேசுவதும் அவள்தான். பெட்டியை நான் தொட மாட்டேன். அன்று பேசியது நீதான் என்றால், இன்று பேசுவது அத்தைதான். இப்போதே நாற்காலியை எடுத்துப் போடுவேன். இதை என் புத்தியால் தீர்க்க முடியவில்லை. பூசாரியிடம் கேட்டால் அவர் எதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். நீ ஒருத்திதான் அறிந்தவள்.

கனவிலோ, பல்லி சொல்லியோ, எப்படியானாலும் சரி. அத்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறது. சீக்கிரம் பதில் சொல்.

உன் அக்கா.