நீ தீர்த்தம் ஊற்றிய இரும்பு

மச்சான்,

இரும்பின் மேல் அரம் வழுக்கும் சத்தம் உனக்கு ஆகவே ஆகாது. பல் கூசுகிறது என்று பட்டறையை விட்டே வெளியே போய்விடுவாய். போன வாரம் நம் பட்டறையில் அந்தச் சத்தம் கேட்டது. அராவிக்கொண்டிருந்தவன் நான். இடுக்கியில் மாட்டியிருந்தது காருக்கு நீ செய்த ஆர்ம்.

தாப்பாவிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். பள்ளத்தில் இறங்கினால் பின் சக்கரப் பக்கம் ஏதோ இடிக்கிறது என்றார். காரைத் தூக்கிச் சேற்றைக் கழுவிவிட்டுப் பார்த்தால், உன் கைவேலை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மீன் செதில் அடுக்கியதுபோல் வெல்டு வைக்க இந்த ஈப்போவில் வேறு எவன் இருந்தான்? "அடப்பாவி, நீ போயும் உன் சாமான் ஓடிக்கிட்டுத்தான்டா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் வெல்டை ஒட்டி ஒரு கோடு தெரிந்தது. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் மாட்டிக்கொண்டது.

ஆர்ம் என்றால் வெறும் கம்பி என்று நினைக்கிறவர்கள் உண்டு. உனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பதே அதுதான். கம்பெனி கொடுத்த ஆர்முக்கு ஒரே நீளம். வேகமாக ஓட்டுகிறவனுக்கு அது போதாது. வளைவில் டயர் தரையை விடாமல் இருக்க, சக்கரத்தை இம்மியளவு உள்ளே சாய்க்க வேண்டும். அதற்காக நீ குழாயை வெட்டி, முனையில் மரை போட்ட ஆர்ம் செய்தாய். திருகினால் நீளும், எதிர்ப்பக்கம் திருகினால் குறுகும். மரை கடைவது நான், வெல்டு வைப்பது நீ. எத்தனை பேர் நம் வாசலில் வந்து காத்துக் கிடந்தார்கள்!

நீ அளவெடுக்கும் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஓட்டுகிறவர் எடையோடு கார் எப்படி உட்காருமோ அப்படித்தான் அளவெடுப்பேன் என்று அடம்பிடிப்பாய். ஆள் வர முடியாவிட்டால் அவர் எடைக்கு அரிசி மூட்டையைத் தூக்கி இருக்கையில் போடுவாய். உன் மனைவி மலரின் காருக்கு அளவெடுத்த அன்று அவளையே உட்கார வைத்துவிட்டு, தூக்குக்குண்டோடு கீழே படுத்துக்கொண்டாய்.

"அசையாத மலரு. மூச்சக்கூட மெதுவா விடு."

"அடுப்புல கறி கிடக்குங்க. தீஞ்சா நீங்கதான் திங்கணும்."

தீய்ந்துதான் போனது. நீயும் நானும்தான் தின்றோம்.

அப்புறம் உன் தீர்த்தம். நீ பிறந்த ரப்பர்த் தோட்டம் கோப்பெங் தாண்டி உள்ளே இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகளை இடித்தார்கள், முனியாண்டி கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் மலர் அங்கே போய் ஒரு போத்தல் தீர்த்தம் பிடித்து வருவாள். கடைசி வெல்டு முடிந்ததும், இரும்பின் சிவப்பு ஆறுவதற்குள், அந்தப் போத்தலைத் திறந்து மேலே ஊற்றுவாய். சுர்ரென்று ஆவி கிளம்பும். "கேட்டியா, சாமி ஏத்துக்கிட்டாரு" என்பாய். அந்தச் சத்தம் கேட்காமல் ஒரு ஆர்மும் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற நான் உன்னைக் கேலி செய்வேன். "டேய், எங்க ஃபாதர்கிட்ட சொல்லி அந்தத் தண்ணியும் ஒரு போத்தல் கொண்டாரட்டுமா?"

"கொண்டா லா. ரெண்டு சாமியும் சேந்து புடிச்சா இன்னும் நல்லா தாஹான் பண்ணும்."

உண்மையில் அத்தனை காலமும் எல்லாம் நன்றாகத்தான் தாங்கியது. அது சாதா இரும்புக் குழாய். தண்ணீர் பட்டாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. நீ சாவதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் அந்தப் புதுக் குழாய் வந்தது. க்ரோமோலி. விமானத்துக்குப் போடுகிற சரக்கு என்று கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாய். "எடை பாதி மச்சான், பலம் ரெண்டு பங்கு. இனிமே நம்ம சாமானத் தொட ஆளில்ல!" உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று நான் ஆயர் தாவாருக்குப் போய்க் கிடந்த நாட்களில், நீ தனியாளாக அந்தக் குழாயை வெட்டிக்கொண்டிருந்தாய். முன்பே நான் கடைந்து குவித்து வைத்த மரைகள் உனக்குப் போதுமானதாக இருந்தன. நான் திரும்பி வந்த கொஞ்ச நாளில் ஒரு காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் குழாயின் குணம் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சூட்டோடு தண்ணீர் பட்டால் பட்ட இடம் கண்ணாடியாக இறுகிவிடும். இறுகியது வளையாது, பட்டென்று போகும். தாப்பாக்காரர் ஆர்மில் வெல்டு சரியில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். உன் வெல்டைச் சந்தேகப்பட்டதற்கு என் நாக்கு அழுகிப் போகட்டும். புது அரத்தை எடுத்து விரிசல் பக்கம் அராவினேன், வழுக்கியது. ஆர்மைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் அராவினேன், அரம் கடித்துத் தூள் கொட்டியது. ஒரே குழாய், ஒரே வெல்டு, மேலே ஒரு குணம் கீழே ஒரு குணம். மேலே மட்டும் என்னடா பட்டது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் உன் தீர்த்தப் போத்தல் ஞாபகம் வந்தது.

தாப்பாக்காரரின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கத்தினார், நானும் பதிலுக்குக் கத்தினேன். என் மனம் அங்கே இல்லை. அந்தப் புதுக் குழாயில் முதல் முதலில் செய்தது மலரின் காருக்கு என்று நீயே சொல்லியிருந்தாய். தாப்பாக்காரர் வந்த அன்று சனிக்கிழமை. சனிக்கிழமையானால் மலர் மலையேறி ரிங்லெட்டில் இருக்கிற தன் அம்மாவைப் பார்க்கப் போவாள்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். தாப்பா தாண்டி மலைப்பாதையில் ஏறிவிட்டால் லைன் கிடைக்காது என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. என் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின் ஆர்ம் முறிந்தால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கார் பம்பரமாகச் சுற்றும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் தார் மேல் புதிதாக டயர் தேய்ந்த தடம் இருக்கிறதா, ஓரத்துத் தடுப்பு நெளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். காய்கறி லாரிகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. பாதை ஓரத்தில் ஆட்கள் கூடி நிற்பதைப் பார்த்ததும் என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. டுரியான் பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ரிங்லெட் வீட்டு வாசலில் அவள் கார் நின்றது. உயிர் போய் உயிர் வந்தது மச்சான். யாரையும் கூப்பிடாமல், ஈரத் தரையில் அப்படியே படுத்துக் கீழே பார்த்தேன். அதே இடம். ஆனால் இங்கே நகம் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விரிசல் குழாயைப் பாதி சுற்றி வந்திருந்தது. மலை இறங்கும்போது முறிந்தே போயிருக்கும்.

மலர் வெளியே வந்தாள். "என்னண்ணே, சொல்லாம கொள்ளாம வந்து மண்ணுல படுத்திருக்கீங்க? யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா?"

"சாவியக் குடும்மா. ஆர்மக் கழட்டணும்."

அவள் முகம் மாறியது. "அத மட்டும் தொடாதீங்கண்ணே. அவரு கையால தீர்த்தம் ஊத்திக் குடுத்தது. இந்த மலைல என்னப் புடிச்சிக்கிட்டு வாரது அதுதான்."

யாரிடமும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் நான். உன்னை எத்தனை முறை முட்டாள் என்று திட்டியிருப்பேன்! அவளிடம் மட்டும், குழாய் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் கழற்றிய ஆர்மை அவள் பத்திரமாக வைத்துக்கொள்வாள். நாளைக்குக் கார்ப் பைத்தியமான உன் தம்பி அதை ஒட்ட வைத்துத் தன் காரில் மாட்டுவான். அதனால் உண்மையையே சொன்னேன். அரம் மேலே வழுக்கியதையும் கீழே கடித்ததையும் சொன்னேன். தண்ணீர் பட்ட இடம்தான் உடைந்திருக்கிறது என்று சொன்னேன்.

படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தத் தண்ணியப் புடிச்சி வந்து குடுத்தது நாந்தாண்ணே."

"தெரியும்மா."

உன்னைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள், இல்லை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து வந்து, காருக்குக் கீழே குனிந்து அந்த விரிசலைத் தன் கண்ணால் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "வேற யாருக்கெல்லாம்ண்ணே செஞ்சி குடுத்தாரு?"

நீ கொண்டு வந்த குழாய்க் கட்டு பெரியது. நீ போன பிறகு பட்டறையைக் கூட்டியபோது அதில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. இரண்டு காருக்கு அவ்வளவு குழாய் போகாது. தெரிந்தவனுக்கு, தெரிந்தவனுக்குத் தெரிந்தவனுக்கு என்று நீ தூக்கிக் கொடுத்திருப்பாய். பெயரை எங்கும் எழுதி வைக்கிற ஆளா நீ? இந்த வாரம் முழுக்க நானும் மலரும் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவன் உன்னிடம் வாங்கியதை ஒத்துக்கொண்டான். ஆனால் அந்தக் காரை விற்றுவிட்டானாம். பிள்ளைகுட்டிக்காரர் ஒருவர் வாங்கிப் போனார், எந்த ஊர் என்று கேட்கவில்லை என்றான். மலர் அங்கேயே தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

உன்னிடம் எனக்குக் கோபமில்லை. நீ ஊற்றிய ஒவ்வொரு சொட்டும் அந்த வண்டியில் போகிறவன் நல்லபடியாக வீடு சேர வேண்டும் என்று ஊற்றியதுதான். அது எனக்குத் தெரியும், மலருக்கும் தெரியும். ஆனால் எந்தக் காரைப் பார்த்தாலும் இப்போது நான் குனிந்து கீழே பார்க்கிறேன். கனவிலாவது வந்து சொல்லிவிட்டுப் போ மச்சான். யாரு யாரு காடியிலடா மாட்டி விட்ட?