குனிந்து சிரிக்கவும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் இங்கே தரையில்தான் இருக்கிறோம். நீயும் அத்தானும் அங்கே எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்று எழுது.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில், இனி இந்தப் பூமியில் ஒரு நாள்கூடத் தாங்காது, கப்பலை அனுப்பி எங்களைக் கூட்டிக்கொண்டு போ என்று அழாத குறையாக எழுதியிருந்தேன். கப்பல் அனுப்பும் அலுவலகத்திலேயே நீ இருப்பதால் கையோடு காரியத்தில் இறங்கியிருப்பாய். கொஞ்சம் நிறுத்திவை. திட்டுவதென்றால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

சிரித்தால் உடம்பு மேலே எழும்புவது நம் ஊரில் ஒரு விஷயமா? இங்கே யாரும் எழும்புவதில்லை. சிரிப்பு அதிகமானால் "விழுந்து விழுந்து சிரிச்சேன்" என்கிறார்கள். இவர்களுக்குச் சிரிப்பு கீழ்நோக்கிப் போகிறது. என் வீட்டுக்காரருக்குப் பிரச்சினை இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, சிரிப்பு வந்தால் லிஃப்ட் குழிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருகிறார். கயிறில்லாமல் மேல் மாடி வரை ஏறுகிறார் என்று நல்ல பெயர் வேறு. மேலாளர் ஒருநாள் "ஏன்யா என் உயிரை வாங்குற" என்றாராம். நான் எதையும் வாங்கவில்லையே என்று மனிதர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

என் கவலையெல்லாம் சின்னவள்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளை, சிரிக்காமல் இருக்குமா? அவள் ஷூவுக்குள் இரும்புத் துண்டு வைத்துத் தைத்து அனுப்பினேன். வகுப்பு ஆசிரியை கூப்பிட்டு, "பாப்பா நடந்தா கீழ்மாடி வகுப்புல சுண்ணாம்பு உதிருதும்மா" என்றார். எலும்பு கனம் என்று சொல்லி வைத்தேன்.

இதற்கிடையில் நான் ஒரு கூத்து அடித்தேன். உனக்கு எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தையற்கார அக்கா வாசலில் நின்று, "எம் பையன் பாஸாயிட்டான். காலையிலேர்ந்து அவனுக்குக் காலு தரையில நிக்கல" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதே தெருவில் நம்மவர்கள்! உள்ளே ஓடிப்போய், ஊரிலிருந்து கொண்டுவந்த இடுப்பு எடை வாரை எடுத்துவந்து கையில் திணித்து, "இதைக் கட்டிவிடுங்கக்கா, என் பொண்ணுக்கும் இதே தொந்தரவுதான்" என்று காதோடு சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பையன் இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சந்தோஷம் அதிகமானால் இவர்கள் அப்படிச் சொல்வார்களாம். மனிதக் குடும்பவியலில் தங்கப்பதக்கம் வாங்கியவளின் லட்சணம் இது. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது?

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. கதவு காற்றில் அடிக்காமலிருக்க அந்த வாரை அவள் முட்டுக்கொடுத்து வைத்திருப்பது மட்டும் தெருவில் போகும்போது தெரியும்.

அப்புறம் ஒரு காலை, ஷூவுக்குக் கயிறு கட்டிவிடும்போது சின்னவள் கேட்டாள்: "அம்மா, நான் இனிமே சிரிக்கலைன்னா ஷூ போடாமப் போலாமா?" அன்றைக்குத்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

எழுதிய கொஞ்ச நாளில் தையற்கார அக்காவின் மூத்த மகள் வழிப் பேத்திக்குப் பிறந்தநாள் வந்தது. தெருவே போகும்போது நாங்கள் மட்டும் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஷூவும் போயிற்று. நான் சின்னவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே நாற்காலியில் நூல் கட்டிப் பலூன் பறக்கவிட்டிருந்தார்கள். சின்னவள் அண்ணாந்து பார்த்து, "அம்மா, இது யாரோட பாப்பா?" என்றாள். நம் ஊரில் கைக்குழந்தைகளை அப்படித்தானே கட்டிவைப்போம். கூடமே சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். எத்தனை நாள் அடக்கிவைத்த சிரிப்போ, என் கையை உருவிக்கொண்டு விர்ரென்று எழும்பிவிட்டாள்.

தையற்கார அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள், எட்டிச் சின்னவள் இடுப்பில் சுற்றினாள், இழுத்தாள். "நில்லுடி, கவுனுக்கு அளவு எடுக்கணும்" என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்து, "பாத்தீங்களா, புள்ளைக்குச் சந்தோஷத்துல காலு தரையில நிக்கல" என்றாள். அவள் புருஷன், "உண்மையிலேயே நிக்கலையேடி" என்றார். "மொதல்ல கண்ணாடியப் போடுங்க. கேக்க வெட்டச் சொன்னா கனவு கண்டுட்டு நிக்கிறாரு" என்றாள். எல்லோரும் கேக் பக்கம் திரும்பிவிட்டார்கள். நாடாவை மட்டும் அவள் விடவில்லை.

மறுநாள் அந்த எடை வாரோடு வந்தாள். எந்த ஊர், என்ன விவரம், எதுவும் கேட்கவில்லை. "உறுத்தும்னு உள்ள துணி வெச்சுத் தைச்சிருக்கேன். கவுனுக்குள்ள போட்டா வெளிய தெரியாது. அந்தப் பாழாப்போன ஷூவத் தூக்கிப் போடு" என்றாள். பிறகு எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்து, "ஒட்டடை அடிக்க உனக்கு ஏணியே வேணாமே தங்கச்சி. எங்க வீட்டுக்கும் ஒருநாள் பாப்பாவ அனுப்பு" என்றாள்.

அக்கா, நான் சிரித்துவிட்டேன். "பாத்து, வாசல் நெலை இடிக்கப்போகுது, குனிஞ்சு சிரி" என்று என் காலைப் பிடித்து அவள் இழுத்தபோதுதான் எங்கே இருக்கிறேன் என்றே தெரிந்தது.

நீ எப்படித் தரையில் சமாளிக்கிறாய் என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்பாய். பழகிவிட்டது என்று எழுதுவேன். உண்மையில் இங்கே வந்த நாளிலிருந்து எனக்கு எடையே தேவைப்படவில்லை.

இப்போதும் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம், உடம்புக்கு ஒன்றுமில்லை. கப்பல் ஏற்கெனவே கிளம்பியிருந்தால் எங்களுக்கு இடம் வைக்காதே. பெரியவர்கள் அளவில் எடை வார் ஒன்று மட்டும் போட்டு அனுப்பு. கொஞ்சம் கனமாகவே பார்த்து எடு.

உன் வீட்டுக் கூரை என்றைக்கும் உயரமாகவே இருக்கட்டும்.

உன் பாசமுள்ள,
தங்கை