கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சு

என்னங்க,

உங்க கவிஞர் செத்த நாள்லேர்ந்து ரசிகர் மன்றமே கதின்னு கிடக்கீங்க. இரங்கல் கூட்டத்துக்குக் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில வச்சிருக்கேன். சாப்பாடு மூடியிருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

காலையில ரேடியோவுல அவரே எழுதிப் பாடின பழைய பாட்டு ஒண்ணு வந்துச்சு. பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தவ அப்படியே நின்னுட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எனக்கு எழுதின லெட்டர், வரிக்கு வரி அதே! ராத்திரி பூரா முழிச்சு யோசிச்சு எழுதினேன்னு சொன்னீங்களே. கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டா விடியத்தான் செய்யும்.

இருபது வருஷமா பீரோவுல பொத்திப் பொத்தி வச்ச அந்த லெட்டர் சட்டைப் பையில இருக்கு. கூட்டத்துல படிங்க, மன்றமே அழும்.

கிளம்பும்போது சாவியை மாடி வீட்டு அக்காகிட்ட குடுங்க.

பி.கு.: பாட்டு முடிஞ்சதும் நானும் அழுதேன். எனக்கு லெட்டர் எழுதின மனுஷன் போய்ட்டாரே!