பதினெட்டாவது ஓட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம். உன் அப்பாவும் சுகம்தான், ஆனால் ஒரு மாதமாகப் பல் டாக்டரைக் கண்டால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரமும் போய்ச் சேராமல் அரசியல் சட்டம் எப்படித் தடுக்கிறது என்பது உன் மாணவர்களுக்கு மண்டையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். அவர்களை நம் குடியிருப்புக்கு அனுப்பிவை, ஒரே வாரத்தில் ஏறிவிடும். உன் அப்பா சங்கத் தலைவரான புதிதில் தங்கமான மனுஷன், லிஃப்ட் ஓடியது, தண்ணீர் ஒழுங்காக வந்தது. எல்லோரும் தலைவரே தலைவரே என்று கூப்பிடக் கூப்பிடத் தலைகால் புரியாமல் போயிற்று. பால்கனியில் துணி காயப்போடாதே, படியில் உட்காராதே என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸ். குழம்பில் உப்பு கம்மி என்பதைக்கூட என் "கவனத்துக்குக் கொண்டுவந்தார்" என்றால் பார்த்துக்கொள். கடைசியில் கை வைத்தது நம் தலைக்கு மேலே குடியிருக்கும் பாட்டு டீச்சர் மேல். மத்தியானம் வகுப்பு நடத்தக் கூடாதாம், இவர் தூக்கம் கெடுகிறதாம். இவர் விடும் குறட்டைக்கு முன்னால் அந்தப் பாட்டு எம்மாத்திரம்! அந்தம்மாவுக்கு அதுதான் பிழைப்பு, வகுப்பு நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நோட்டீஸில் செயலாளர் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். செயலாளர் நம் பல் டாக்டர், முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். முந்தின தலைவர் ஆட்டத்தை அடக்க அந்த விதியை எழுதியதே உன் அப்பாதான்! உடனே தலைவர் கையெழுத்து ஒன்றே போதும் என்று விதியை மாற்றக் கிளம்பினார். அதற்கு இருபத்துநாலு வீட்டில் பதினெட்டு வீட்டு ஓட்டு வேண்டும், அதுவும் இவர் எழுதியதுதான். வீடு வீடாக ஏறி இறங்கினார். நம் வீடு என் பேரில் இருப்பதால் ஓட்டு எனக்கு, அதைக் கேட்கவே இல்லை, கையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டார். எண்ணினால் பதினேழு. டாக்டர்தான் யார் மனசையோ கலைத்துவிட்டார் என்று இன்னும் பொருமுகிறார். யாரும் யாரையும் கலைக்கவில்லை கண்ணு, நான்தான் வேண்டாம் என்று போட்டேன். சீட்டில் பேர் எழுதக் கூடாது என்பதும் அவர் விதிதான், அது தன் பெண்டாட்டிக்கே உதவும் என்று நினைத்திருப்பாரா, பாவம்.

அவர் பதவிக்காலம் முடிந்தது, மூன்றாம் தடவை நிற்க விதியில் இடமில்லை, வேறு யாரும் முன்வராததால் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். சிரிக்காதே. நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தேன், மேலே பாட்டு. இத்தனை வருஷமாகக் கேட்கிற அதே பாட்டுதான், நேற்று மட்டும் சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருந்தது. தலைவர் வீட்டுக்கு மேலேயே இவ்வளவு சத்தமா என்று வந்ததே ஒரு கோபம், மளமளவென்று நோட்டீஸ் எழுதிக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "அண்ணனுக்கே போடாத கையெழுத்து, உங்களுக்கு மட்டும் போடுவேனாக்கா?" என்றார். படியேறி வரும்போது என் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றிருந்தது, அவ்வளவு வெட்கம். உன் அப்பாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டேன் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேனே, அது எனக்கும் எதிராகப் போட்ட ஓட்டு.

நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் அதட்டாமல் மிரட்டாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள். ஓட்டு விஷயத்தை மட்டும் போனில் அப்பாவிடம் உளறித் தொலைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(சங்கத் தலைவர், இரண்டு வருஷத்துக்கு மட்டும்)